கடல் வாடகை ஒன்று, கட்டிய தொகை வேறு

அனுப்புநர்
உரிமையாளர்,
பின்னல் துணி நிறுவனம்,
மங்கலம் சாலை, திருப்பூர்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
சரக்கு ஃபார்வர்டிங் நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: சியாமென் – தூத்துக்குடி 40 அடி கண்டெய்னருக்குக் கொடுத்த விலைப்புள்ளியை மீறி வசூலித்த கட்டணங்களைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சீனாவின் சியாமென் துறைமுகத்திலிருந்து நான்கு சர்குலர் நிட்டிங் மெஷின்களை ஒரு முழுக் கண்டெய்னரில் தங்கள் நிறுவனம் மூலம் இறக்குமதி செய்தேன். மெஷின்கள் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. அதில் எனக்குக் குறை இல்லை. என் புகார் முழுவதும் பில்லைப் பற்றியது.

தங்கள் விலைப்புள்ளியில் கடல் வாடகை 1,900 டாலர், தூத்துக்குடியில் உள்ளூர்க் கட்டணங்கள் ஜிஎஸ்டி நீங்கலாகச் சுமார் 35,000 ரூபாய், கண்டெய்னரைக் கட்டணமின்றி வைத்திருக்க 14 நாள் ஃப்ரீ டைம் என்று எழுதியிருந்தது. பெட்டி கரை இறங்கிய பிறகு, உள்ளூர்க் கட்டணம் என்ற தலைப்பில் மட்டும் என்னிடம் வாங்கியது 1,12,640 ரூபாய். கூடுதல் 77,640 ரூபாய். கிலோவுக்கு 12 ரூபாய் கூலிக்குத் துணி ஓட்டுகிறவன் நான். இந்தத் தொகைக்கு ஏறக்குறைய ஆறரை டன் துணி ஓட்ட வேண்டும். அந்தப் பன்னிரண்டு ரூபாயில்தான் மின்கட்டணம், ஆள் சம்பளம், ஊசி, எண்ணெய், வங்கித் தவணை எல்லாம் அடங்கியிருக்கிறது. கூலியில் ஐம்பது காசு கூட்டிக் கேட்டால் பார்ட்டி நூலை அடுத்த கம்பெனிக்கு அனுப்பிவிடுகிற ஊர் இது.

சியாமென் வியாபாரி முதலில், கப்பல் வாடகையையும் காப்பீட்டையும் அவரே ஏற்கும் சிஐஎஃப் விலைக்கே தரத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று சொன்னவர் தங்கள் அலுவலர். என் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்: சிஐஎஃப்பில் விற்பவர் கப்பல் வாடகையை அடிமாட்டு விலைக்குப் பேசிவிடுவார், அங்கே விட்டதை இங்குள்ள ஏஜென்ட் உள்ளூர்க் கட்டணத்தில் ஏற்றிப் பிடித்துக்கொள்வார், கப்பல் வாடகையை நாமே பேசிக் கட்டும் எஃப்ஓபியில் வாங்கினால் மொத்தச் செலவும் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றார். அவர் சொன்னது சரியான ஆலோசனை. அதை நம்பித்தான் ஆர்டரை எஃப்ஓபிக்கு மாற்றி, சரக்கைத் தங்களிடம் ஒப்படைத்தேன். எதிலிருந்து காப்பாற்றுவதாகச் சொன்னீர்களோ அதையே தங்கள் நிறுவனம் செய்திருக்கிறது என்பதுதான் என் மனவருத்தம்.

ஒரு கண்டெய்னர் வந்து சேர எவ்வளவு ஆகும் என்பதை முன்னதாகக் கணக்கிட முடியாது என்று தங்கள் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. சரக்கு விலையோடு கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மீது அடிப்படைச் சுங்க வரி; அந்த வரியில் 10 சதவீதம் சமூக நல கூடுதல் வரி; இவை அனைத்தும் சேர்ந்த தொகையின் மீது ஐஜிஎஸ்டி. அந்த ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரிக் கழிவாக எனக்குத் திரும்பிவிடும். இதையெல்லாம் என் ஆடிட்டர் பணம் அனுப்புவதற்கு முன்பே ஒரே தாளில் போட்டுக் கொடுத்துவிட்டார். துறைமுகத்தின் கட்டண அட்டவணை யாரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. டிரெய்லர் வாடகையைத் தொலைபேசியிலேயே பேசி முடித்தேன். தங்கள் பகுதி ஒன்றுதான் கப்பல் வரும்வரை 'சுமார்' என்றே இருந்தது.

தாமதத்துக்கு வருகிறேன். கண்டெய்னர் கொழும்பில் கப்பல் மாறி, ஒரு வியாழக்கிழமை தூத்துக்குடியில் இறங்கியது. சுங்கத்துக்கான இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முன்பே தாக்கல் செய்திருந்தோம். வெள்ளிக்கிழமை வரி கட்டி, அன்று மாலையே சுங்க அனுமதியும் கிடைத்துவிட்டது. பெட்டியை வெளியே எடுக்கத் தேவைப்பட்டது, பெட்டியை என்னிடம் ஒப்படைக்கச் சொல்லித் தாங்கள் தர வேண்டிய டெலிவரி ஆர்டர் (டி.ஓ.) மட்டும். கப்பல் வருவதற்கு முன் வந்திருக்க வேண்டிய அரைவல் நோட்டீஸும் தங்கள் பில்லும் சனிக்கிழமை மாலைதான் வந்தன. ஒவ்வொரு கட்டணத்துக்கும் விளக்கம் கேட்டு அன்றே மின்னஞ்சல் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை வந்த பதில், முழுத் தொகையும் கட்டினால்தான் டி.ஓ. என்ற ஒரே வரி. ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிவிட்டு அன்றே கட்டினேன். டி.ஓ. புதன்கிழமை கிடைத்தது.

அதற்குள் பெட்டி இறங்கி ஏழு நாள் ஆகிவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, கப்பல் நிறுவனமான ஷிப்பிங் லைன் கொடுத்திருந்த ஃப்ரீ டைமே ஏழு நாள்தான் என்று. தாங்கள் எழுத்தில் கொடுத்த 14 நாள் லைனின் ஆவணம் எதிலும் இல்லை. வியாழக்கிழமை பெட்டி வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை திருப்பூரில் ஹைட்ரா கிரேன் வைத்து அன்றே மெஷின்களை இறக்கிக் காலிப் பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். சனிக்கிழமை தாங்கள் குறித்த யார்டின் கேட்டில், இடம் இல்லை என்று ஓட்டுநரைத் திருப்பிவிட்டார்கள். வெயிலில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர் எனக்குப் போன் செய்தார். நான் தங்கள் அலுவலகத்துக்குச் செய்தேன். அங்கே எடுப்பார் இல்லை. வேறு யார்டின் பெயர் இரவுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ஒப்படைத்தோம். இந்த நான்கு நாளுக்கு நாளொன்றுக்கு 80 டாலர் வீதம் 28,480 ரூபாய் டிடென்ஷன், அதாவது பெட்டியைத் தாமதமாகத் திருப்பியதற்கான கட்டணம், போட்டிருக்கிறீர்கள். டி.ஓ. வெள்ளிக்கிழமையே கிடைத்திருந்தால் ஒரு ரூபாய்கூட ஆகியிருக்காது. டெர்மினலில் பெட்டி கிடந்ததற்கான வாடகையை நான் தனியாகக் கட்டியிருக்கிறேன்.

அடுத்தது, காலிப் பெட்டி ஏற்றத்தாழ்வுக் கட்டணம் 9,500 ரூபாய். இறக்குமதி அதிகமாகி, காலிப் பெட்டிகள் தேங்கும் துறைமுகத்தில் அவற்றை வேறிடம் கொண்டுபோகும் செலவுக்காக வாங்கும் கட்டணம் இது. நான் திருப்பிக் கொடுத்ததோ உயரம் கூடிய 40 அடி ஹைக்யூப் பெட்டி. திருப்பூர் பனியனும் கரூர் வீட்டு ஜவுளியும் இதே பெட்டிகளில்தான் கப்பல் ஏறுகின்றன. கொரோனா காலத்தில் காலிப் பெட்டி கிடைக்காமல் ஏற்றுமதியாளர்கள் பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஏற்றுமதிக்கு வேண்டிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவனிடம் எந்த அடிப்படையில் இந்தக் கட்டணம் என்பதற்கு லைனின் எழுத்து வேண்டும்.

பெட்டி கழுவ 3,200 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். பாலித்தீன் சுற்றி மரச்சட்டத்தில் வந்த மெஷின்களால் தரையில் எண்ணெய்த் துளிகூடப் படவில்லை. இறக்கியபின் எடுத்த படங்கள் இருக்கின்றன. கடல் வாடகைக்கோ வங்கி விலையைவிட டாலருக்கு மூன்று ரூபாய் கூட்டிக் கணக்கிட்டு, 5,700 ரூபாய் அதிகம் வாங்கியிருக்கிறீர்கள். விலைப்புள்ளியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே டிடென்ஷன், ஏற்றத்தாழ்வுக் கட்டணம், கழுவுகூலி, டாலர் வித்தியாசம் ஆகிய நான்கும் சேர்ந்த 46,880 ரூபாய்க்கு கிரெடிட் நோட் கொடுத்து, பணத்தை என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். டெர்மினல் வாடகையையும் தாங்களே ஏற்க வேண்டும். டாலர் வித்தியாசம் கடல் வாடகையைச் சேர்ந்தது என்பதால், உள்ளூர்க் கட்டணத்தில் மற்ற மூன்றும் போக மீதமுள்ள 36,460 ரூபாய் கூடுதலுக்கு, லைனுக்குத் தாங்கள் கட்டிய ரசீதுகளின் நகலை வரிவாரியாகத் தர வேண்டும்; ரசீது இல்லாத தொகை எனக்குத் திரும்ப வேண்டும்.

இன்னும் இரண்டு மெஷின்களுக்கு சியாமெனில் முன்பணம் கட்டியிருக்கிறேன். அந்தச் சரக்குக்குத் தாங்கள் அனுப்பிய புதிய விலைப்புள்ளியிலும் உள்ளூர்க் கட்டணம் 'சுமார்' என்றே இருக்கிறது. ஒவ்வொரு கட்டணத்தின் பெயரும் தொகையும், ஃப்ரீ டைமுக்கு லைனின் உறுதிக் கடிதமும், டாலர் கணக்கிடும் முறையும் எழுத்தில் வராமல் புக்கிங்கை உறுதி செய்ய மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புவேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்

இணைப்பு: விலைப்புள்ளி, தங்கள் பில்கள், மின்னஞ்சல் நகல்கள், சுங்க அனுமதி நகல், டெர்மினல் ரசீது, யார்டு கேட்டில் ஓட்டுநர் எடுத்த படம், காலிப் பெட்டியின் உட்புறப் படங்கள்.