டூட்டி லிஸ்ட் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்க ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் டூட்டி லிஸ்ட் போடுற மேடத்துக்கும் வணக்கம்.

கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். நைட் முடிச்சு இறங்குற ஸ்டாஃப அன்னைக்கே ஈவினிங் டூட்டிக்குக் கூப்பிடாதீங்க.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும், மெமோவே குடுத்துட்டீங்க, ஆனா அதுக்கு முன்னாடி நடந்தது தெரியாது. தொடர்ந்து அஞ்சாவது நைட்டு, ராத்திரி 7.30ல இருந்து காலைல 7.30 வரைக்கும். பஸ்சு பாம்பன் பாலம் ஏறுனது ஞாபகம் இருக்கு, இறங்குனது ஞாபகம் இல்ல, தங்கச்சிமடத்துல கண்டக்டர் அண்ணன்தான் எழுப்பிவிட்டாரு. வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு சோறு ஊட்டிட்டுப் படுத்தா தகரக் கூரை கொதிக்குது, கரண்டு வேற இல்ல, கண்ணசந்து ஒரு மணி நேரம் இருக்காது, போன் அடிக்குது, "சிஸ்டர் ஆள் இல்ல, 1.30க்கு வந்துருங்க". வந்தேன்.

சாயங்காலம் சுகர் பேஷண்ட் ஒரு அம்மாவுக்கு இன்சுலின் 6 யூனிட். கேஸ் ஷீட்டப் பாத்துட்டுத்தான் எடுத்தேன். ஊசியோட கிட்டப் போனதும் அந்தம்மா "என்ன தாயி, இன்னைக்கு இம்புட்டு இருக்கு?"ன்னாங்க. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா 16. கை வெலவெலத்துப்போச்சு. அந்தம்மா கேக்கலேன்னா போட்டிருப்பேன் மேடம். தப்பு என்னோடதுதான், மெமோவக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். அந்த லிஸ்ட்டுக்கு யாரு மெமோ குடுக்குறது?

ராத்திரி வேலை உடம்ப என்ன செய்யும்னு உங்களுக்குப் பாடம் எடுக்க வரல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007லயே நைட் ஷிப்ட்ட கேன்சர் வரவைக்க வாய்ப்புள்ள லிஸ்ட்ல சேத்துருச்சு, 2019ல திரும்பப் பாத்துட்டும் அதையேதான் சொல்லுச்சு. அவ்வளவு தூரம் போவானேன், எங்க டூட்டி ரூம்ல வந்து பாருங்க, ஆளாளுக்கு பையில ஒரு கேஸ் மாத்திரை, பீரியட்ஸ் எந்த மாசம் எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது. எங்க ஊரு கடல்ல மீனுக்கே ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம் விடுறாங்க, நாங்க கேக்குறது ஒரு நாள் தூக்கம். மே 12 நர்ஸ் தினம் ஆனா கேக் மட்டும் கரெக்டா வந்துரும்.

கோவத்துல கூடக்கொறைய எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க மேடம். ஆள் பத்தலைங்குறது எங்களுக்கும் தெரியும். அடுத்த மாச லிஸ்ட் இன்னும் ஒட்டல. ஒட்டுறதுக்கு முன்னாடி நைட் முடியுற அன்னைக்கு எங்க பேருக்கு நேரா எதுவும் எழுதாம விடுங்க, போனும் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
நாளைக்கும் நைட்டுக்கு வரப்போற ஒரு ஸ்டாஃப் நர்ஸ்