நெட் மீட்டர் மாட்டும் முன்பே சோலாரை ஆன் செய்ததால் வந்த 5,662 ரூபாய் பில்: புகார்

சத்துவாச்சாரி, வேலூர்
18-6-2025

அனுப்புநர்: ஓய்வு பெற்ற ஆசிரியை, சத்துவாச்சாரி, வேலூர்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: உங்கள் நிறுவனத்தின் தவறால் நான் கூடுதலாகக் கட்டிய 4,525 ரூபாயைத் திருப்பித் தருவது, நெட் மீட்டர் (வீட்டுக்கு வரும் கரண்டையும் சோலாரிலிருந்து வெளியே லைனுக்குப் போகும் கரண்டையும் தனித்தனியாக எழுதும் மீட்டர்) வேலையை முடித்துக் கொடுப்பது தொடர்பாக.

ஐயா,

கடந்த மார்ச் மாதம் உங்கள் நிறுவனம் எங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்துக் கொடுத்தது. பேனல் மாட்டிய வேலையில் குறை ஒன்றும் சொல்ல மாட்டேன். ஸ்டாண்டை உயர்த்தி வைத்ததால் வடகம் காயப்போட இடம்கூட மிச்சம் இருக்கிறது. என் புகார் அதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றி.

ஏப்ரல் 7-ம் தேதி கரண்ட் ஆபீசிலிருந்து வந்து ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். 9-ம் தேதி உங்கள் டெக்னீஷியன் வந்து இன்வெர்ட்டரை ஆன் செய்தார். "நெட் மீட்டர் இன்னும் வரவில்லையே தம்பி, இப்போதே போடலாமா?" என்று கேட்டேன். "அது ஒரு மாசத்துல வந்துடும்மா. அதுவரைக்கும் வெயிலை ஏன் வீணாக்கணும்? பில் குறையத்தான் செய்யும்" என்றார். இன்வெர்ட்டர் ஓடுவதைப் படம் எடுத்து, நீங்கள் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். அந்தப் படத்தை, தேதி தெரியும்படி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஜூன் 6-ம் தேதி போனுக்குச் செய்தி வந்தது. 874 யூனிட், 5,662 ரூபாய். வேறு யாருடைய பில்லோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. நானும் 84 வயது மாமியாரும் மட்டும்தான். போன வருடம் இதே இரண்டு மாதத்தில், இதே அக்னி நட்சத்திர வெயிலில், 392 யூனிட்தான் ஆனது.

உங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் ஒரே பதில்: "மீட்டர் வேகமாக ஓடுகிறது, கரண்ட் ஆபீசில் சொல்லுங்கள்."

என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது எங்கள் எதிர்வீட்டுப் பையன். பாகாயம் அரசு பொறியியல் கல்லூரியில் மின்னியல் படிக்கிறான். 8-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில் நேரத்தில் வந்தான். ஃபிரிட்ஜ், ஃபேன், போன் சார்ஜர் வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னான். சோலார் மட்டும் ஓடியது. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை, ஆனால் மீட்டரில் யூனிட் ஏறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு வேகமாக மின்னியது. இன்வெர்ட்டரின் பிரேக்கரை இறக்கினான். மின்னுவது நின்றது. திரும்பவும் ஏற்றினான், உடனே மின்னத் தொடங்கியது. மூன்று தடவை செய்து காட்டினான். அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் பழைய மீட்டர், கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று பிரித்துக் கணக்கு வைக்காது. யாரும் மாற்றி இணைத்துத் திருடக் கூடாது என்பதற்காக, எந்தப் பக்கம் ஓடினாலும் செலவு என்றே கூட்டிக்கொள்ளும். வருவதையும் போவதையும் தனித்தனியாக எழுதும் நெட் மீட்டர் மாட்டிய பிறகுதான் சோலாரை ஓட்ட வேண்டும். பகலில் எங்கள் வீட்டில் இரண்டு ஃபேனும் ஃபிரிட்ஜும்தான் ஓடும். பேனல் தயாரித்ததில் பெரும்பகுதி லைனுக்குத்தான் போயிருக்கிறது. உங்கள் ஆப்பைப் பார்த்தால் அந்த நாட்களில் 684 யூனிட் தயாராகி இருக்கிறது. அதாவது எங்கள் மாடியில் விளைந்து ஊருக்குப் போன கரண்டுக்கு நானே காசு கட்டியிருக்கிறேன்.

அது மட்டும் இல்லை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ம் யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். 2 ரூபாய் 35 காசு கட்டிவந்த யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு. 600-க்கு மேல் 9 ரூபாய் 65 காசு, 800-க்கு மேல் 10 ரூபாய் 70 காசு. 392 யூனிட் என்றால் 1,137 ரூபாயில் முடிந்திருக்கும்.

கரண்ட் ஆபீசுக்கும் போனேன். மீட்டரில் கோளாறு இல்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். அப்புறம் அவர்கள் சொன்னதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. என் பெயரில் நெட் மீட்டர் விண்ணப்பம் இன்னும் முடிக்கப்படவே இல்லை, அதற்கான கட்டணமும் கட்டப்படவில்லை. அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் மார்ச் மாதமே உங்களிடம் கொடுத்தேன், ரசீதில் தனி வரியாக இருக்கிறது. அனுமதி வருவதற்கு முன்னால் சோலாரை ஓட்டியது தவறு என்றும் சொன்னார்கள். 34 வருடம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுத்தவள் நான். செய்யாத தவறுக்காக அங்கே தலை குனிந்து நின்றேன், ஐயா.

நெட் மீட்டர் மாட்டி ஆய்வு முடிந்தால்தான் பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் 78,000 ரூபாய் மானியம் என் கணக்குக்கு வரும். அதுவும் நிற்கிறது. வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் போகிறது. 8-ம் தேதியிலிருந்து இன்வெர்ட்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன். இவ்வளவு வெயிலில் பேனல்கள் சும்மா கிடக்கின்றன. பில் வந்த நாளிலிருந்து மாமியார் பகலில் ஃபேன் போட விடுவதில்லை. பனையோலை விசிறியுடன் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பில்லுக்கும் ஃபேனுக்கும் சம்பந்தம் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்குப் புரியவில்லை. எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாது என்று பில்லை முழுவதும் கட்டிவிட்டேன். 5,662-இல் 1,137 போக மீதி 4,525 ரூபாயை நீங்கள் தர வேண்டும். லைனுக்குப் போன கரண்டுக்கு விலை கேட்கவில்லை. என் கையை விட்டுப் போன பணத்தை மட்டும் கேட்கிறேன். நெட் மீட்டர் விண்ணப்பத்தை உடனே முடித்து, கட்டணம் கட்டிய ரசீதின் நகலை எனக்கு அனுப்புங்கள். எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்பதை எழுத்தில் கொடுங்கள், போனில் வேண்டாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் உங்கள் ஆட்கள் இதேபோல் ஆன் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் கூலி வேலை பார்ப்பவர், மகன் அனுப்பிய பணத்தில் போட்டது. அவர்களுக்கு இன்னும் பில் வரவில்லை. நெட் மீட்டர் இல்லாமல் ஓடும் எல்லா வீட்டுக்கும் இன்றே போன் செய்து இன்வெர்ட்டரை நிறுத்தச் சொல்லுங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வராவிட்டால், 1915 உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க 2019-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

பில், ரசீது, ஆப்பில் தெரிந்த கணக்கு, வாட்ஸ்அப் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். வீடியோவை அதே வாட்ஸ்அப் குழுவில் இன்று போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)