ஹெல்சிங்கியில் வழி சொன்ன பெரியவருக்கு நன்றி

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியின் செனட் சதுக்கத்தில் எங்கள் இருவருக்கும் வழி சொல்லிவிட்டு, பெயர் சொல்லாமல் போன பெரியவருக்கு மனமார்ந்த நன்றி. டிசம்பரில் அந்த ஊரை நடந்தே பார்க்க நினைக்கும் எல்லோருக்கும் அவர் சொன்னது உதவும்.

டிசம்பர் கடைசியில் பகல் 6 மணி நேரம்கூட இல்லை. மூன்றேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதனால் துறைமுகச் சந்தையிலிருந்து சுவோமென்லின்னா கோட்டைத் தீவுக்குக் காலையிலேயே படகேறுங்கள், கால் மணி நேரப் பயணம்தான். தீவில் கடற்காற்று நேராக முகத்தில் அறையும், காதை மூடும் குல்லா கட்டாயம். 'ஓடி' நூலகத்தை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம் (ஓடத் தேவையில்லை, பெயரே அதுதான்). உள்ளே கதகதப்பு, கழிப்பறை, காபி எல்லாம் உண்டு.

வழுக்கலுக்கு மைனஸ் 10 பரவாயில்லை, பூஜ்யத்தை ஒட்டிய நாள்தான் மோசம். பகலில் உருகும் பனி மீண்டும் உறைந்து கண்ணாடியாகிவிடும். ஷூவில் மாட்டும் ஆணிப்பட்டை அப்போது காப்பாற்றும். கல்தரையில் அதுவே வழுக்கும், உள்ளே நுழையுமுன் கழற்றிவிடுங்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஒரே கம்பளி சாக்ஸ், அரை அளவு பெரிய ஷூ போதும். செல்போனை உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று படுத்துவிடும்.

ஐயா, கை உறையைக் கழற்றி வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி.