கிளிநொச்சியில் படிவம் நிரப்ப உதவிய அக்காவுக்கு

போன மாதம் கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள கொமினிகேசன் கடையில், பக்கத்துக் கதிரையில் இருந்த அக்காவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வேண்டும். கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சரி. விலாசப் பகுதியில்தான் கை நின்றுவிட்டது. எங்கே, எந்தத் திகதி முதல் எந்தத் திகதிவரை இருந்தேன் என்று எழுதவேண்டும். 2008 கடைசியில் சண்டையால் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 18 வயது. அதற்குப் பிறகு இருந்த தறப்பாள் கொட்டில்களுக்கு என்ன விலாசம், என்ன திகதி? கண் கலங்கிவிட்டது.

நீங்கள் கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து எடுத்தீர்கள். "தங்கச்சி, தைப்பொங்கலுக்கு எங்க நிண்டனீங்கள்?" தருமபுரம். "வருசப்பிறப்புக்கு?" முள்ளிவாய்க்கால். பிறகு செட்டிகுளம், மெனிக் பாம் முகாம். திருநாளை வைத்தே மாதத்தைப் பிடித்தீர்கள். நீங்களும் அதே வழியால் வந்தவர் என்று அந்தக் கேள்விகளிலேயே விளங்கியது.

மீள்குடியேறிய திகதியைக் கிராம சேவையாளரிடம் கேட்கச் சொன்னதும் நீங்கள்தான். கேட்டேன், கிடைத்தது. கடவுச்சீட்டில் பெயருக்கு ஓர் ஆங்கில எழுத்துக் கூடுதலாக இருந்ததையும் நீங்கள்தான் கண்டீர்கள்.

எனக்காக மல்லாவி பஸ்ஸையும் விட்டுவிட்டீர்கள். வெயிலில் அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றீர்களோ, அக்கா.

கொழும்பிலிருந்து சான்றிதழ் வந்துவிட்டது. அந்தக் கொப்பித்தாளை அதோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.