எட்டாம் மாடிப் புகை

ஸ்காபரோ
16 மாசி 2025

அன்புள்ள குணம்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. மேசையில்தான் கிடந்தது. ஒவ்வொரு நாளும் பார்க்கிறது, நாளைக்கு எழுதுவம் என்று வைக்கிறது. இந்தக் கிழமை அடுத்தடுத்து இரண்டு பனிப்புயல் அடித்து வெளியே கால் வைக்க முடியாமல் போனதால் பேனையை எடுத்தேன். முழங்காலுக்கு ஊசி போட்ட மறுநாளே நீ தோட்டத்துக்கு இறங்கினாய் என்று வாசித்ததும் உன் மனுசியைப் போல எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் வெங்காயம் கைகொடுத்தது சந்தோசம். உன் ஐயா புகையிலை வைத்த அதே தறையில் வெங்காயம் என்று நினைக்கத்தான் ஏதோ போல இருக்கிறது.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். கனடாவில் வாடகை வீட்டுக்குள் சிகரெட் பத்தினால் ஆளைக் கலைத்துவிடுவார்களாம், உண்மையோ என்று கேட்டிருந்தாய். உன் மருமகன் சொன்னது பாதி சரி. மற்றப் பாதியோடுதான் நான் மார்கழியிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் லிஃப்ட், கொரிடோர், படிக்கட்டு, உடுப்புத் தோய்க்கிற அறை, நிலக்கீழ்க் கார் தரிப்பிடம் எங்கேயும் பத்தக்கூடாது. 2006இலேயே வந்த சட்டம். 2018 ஐப்பசி (ஒக்டோபர்) 17இல், கஞ்சா சட்டபூர்வமான அதே நாளில், கஞ்சாவையும் ஈ-சிகரெட்டையும் சேர்த்துப் புதிதாக்கினார்கள். பிடிபட்டால் முதல் தடவை 1,000 டொலர் வரை தண்டம், பிறகு 5,000 வரை போகும். ஆனால் அந்தச் சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடும். கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து பத்துகிறவரை அது ஒன்றும் செய்யாது. பல்கனியும் அப்படித்தான். வருத்தக்காரரைப் பார்க்க வீட்டுக்கு வருகிற தாதி மட்டும் தன் முன்னால் பத்தவேண்டாம் என்று சொல்லலாம்.

நாங்கள் இருப்பது ஒன்பதாம் மாடி. எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டிய கொங்கிறீட் கட்டடம், ஸ்காபரோ முழுக்க நிற்கிற அதே சாதி. எட்டாம் மாடியில் எங்களுக்கு நேர் கீழே ஒரு கயானாக்காரர். எழுபத்து நாலு வயது, தனி ஆள். அவருடைய சிகரெட் மணம் எங்கள் குசினிக்குள் வரும். கோடையில் அவ்வளவாகத் தெரியாது. குளிர் தொடங்கினால்தான் கரைச்சல். உள்ளே சூடு, வெளியே சைபருக்குக் கீழே பதினைந்து என்றால் கட்டடம் முழுக்கப் புகைக்கூடு மாதிரி ஆகிவிடுகிறது. சூடான காற்று கீழ்மாடியிலிருந்து மேலே ஏறும்போது, கிடைக்கிற ஓட்டை எல்லாவற்றாலும் அவருடைய புகையையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

எந்த ஓட்டை என்று கண்டுபிடிக்க ஒரு வேலை செய்தேன். மனுசி சாமிப்படத்துக்கு வைக்கிற ஊதுபத்தியில் ஒன்றைக் கொளுத்தி, குசினித் தொட்டிக்குக் கீழே இருக்கிற அலுமாரியைத் திறந்து, தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் பிடித்தேன். நூல் மாதிரி நேரே மேலே போன புகை சட்டென்று வளைந்து என் மூஞ்சிக்கு வந்தது. குழாயைச் சுற்றி இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி. ஐம்பது வருசமாக ஒருவரும் அடைக்கவில்லை. பிறகு பிளக் பொயின்டுகள், குளியலறைக் காற்றாடி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். வீடு முழுக்கச் சல்லடை. மனுசி கதவடியில் நின்றுகொண்டு, "அப்ப நாங்கள் கொளுத்துகிற சாம்பிராணி பத்தாம் மாடிக்குப் போகாதோ?" என்று கேட்டாள். போகும்தான். கருவாடு பொரித்த அன்று மேல்வீட்டுப் பெண் லிஃப்டில் முகத்தைச் சுளித்தது அப்போதுதான் விளங்கியது.

உனக்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மணம் கெட்டது என்பதற்காக மட்டும் எனக்கு அந்தரம் வரவில்லை. நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்த நாளோடு விட்டு ஏழு வருசம். விட்டுத் தொலைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் விடிய ஐந்தரைக்கு முதல் சிகரெட்டை மூட்டுவார். நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிட்டு அந்த அலுமாரிக்குப் பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் பார்த்தால் அலுமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். வேண்டுமென்று திறந்தேனா, தெரியாது. அன்றைக்குத்தான் பயந்துபோய் ஒபிசுக்குப் போனேன்.

எங்கள் கட்டட ஒபிசைப் பற்றி முந்தியும் எழுதியிருக்கிறேன். போன வருசம் சுடுதண்ணீர் நின்றபோது பதினொரு ஈமெயில் போட்டபிறகுதான் ஆள் வந்தது. இந்த முறை மனேச்சர் பெண் எனக்குக் கதிரை தந்தார், குணம்! கோப்பி வேணுமோ என்றும் கேட்டார். ஒரு காகிதக் கட்டைத் தந்து, நாள், நேரம், எவ்வளவு நேரம் மணத்தது, எங்களுக்கு என்ன செய்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரும் எழுதினால் இன்னும் நல்லதாம். நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து ஆறு நாள் எழுதினேன். வாத்தியார் வேலை செய்தவன் இல்லையா, எழுத்தும் கொப்பியும் அழகாகத்தான் இருந்தன.

ஏழாம் நாள் கோயிலில் ஒரு பிள்ளையைக் கண்டேன். மகனோடு படித்தவள், இப்போது வாடகைக்காரருக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்கிற நிலையம் ஒன்றில் வேலை. பெருமையாகக் கதையைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், அவர் எத்தனை வருசமா அந்த வீட்டில இருக்கிறார்?"

இருபத்தாறு வருசம்.

"அப்ப வாடகை என்ன, ஒரு 1,100 வருமோ? அவர் எழும்பினால் அதே வீட்டை 2,200க்குக் குடுப்பினம்."

இங்கே ஏற்கெனவே இருக்கிறவரின் வாடகையை மாகாணம் சொல்கிற அளவுக்கு மேல் பொதுவாகக் கூட்ட முடியாது. 2025ஆம் வருசத்துக்கு அது 2.5 சதவீதம். ஆனால் வீடு காலியானால் புதிதாக வருகிறவரிடம் எவ்வளவும் கேட்கலாம். எங்களுடையது மாதிரிப் பழைய கட்டடத்தில் நெடுநாள் இருக்கிற கிழடுகள் ஒவ்வொருவரும் கட்டட முதலாளிக்கு மாதா மாதம் ஆயிரம் டொலர் நட்டம். எனக்கு ஏன் கதிரை கிடைத்தது என்று அப்போது விளங்கியது.

அவள் மிச்சத்தையும் சொன்னாள். அந்த மனிதரின் பழைய லீசில், அதுதான் வாடகை ஒப்பந்தத்தில், புகைத்தலைப் பற்றி ஒரு சொல்லும் இருந்திருக்காது. 2018 சித்திரை (ஏப்ரல்) 30 தொடக்கம் எழுதுகிற லீசுகளுக்குத்தான் மாகாணம் ஒரே படிவத்தைக் கட்டாயமாக்கியது. அதில் பத்தாவது பிரிவு புகைத்தல். முதலாளி பத்தக்கூடாது என்று நிபந்தனை போட்டுப் புது ஆளை எடுக்கலாம். இருக்கிற ஆளின் லீசுக்குள் அவருடைய சம்மதமில்லாமல் அதைப் புகுத்த முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அதே நிபந்தனைகளோடு மாதா மாதம் தானாகத் தொடரும். நிபந்தனை இருக்கிற வீட்டில்கூடப் பத்தினார் என்பதை மட்டும் வைத்து எழுப்ப முடியாதாம். மற்றவர்களின் நிம்மதியைக் கெடுத்தார், அல்லது வீட்டைப் பழுதாக்கினார் என்று காட்ட வேண்டும்.

காட்டுவதற்கு என்ன வேண்டும்? என் கொப்பி!

நடைமுறை இப்படி: முதலில் என்-5 என்ற நோட்டீஸ் கொடுப்பார்கள். ஏழு நாளுக்குள் நிறுத்தினால் அது செல்லாது. ஆறு மாதத்துக்குள் திரும்பவும் நடந்தால் இரண்டாவது நோட்டீஸ், அதற்குத் திருத்திக்கொள்ள இடமில்லை. பிறகு லாண்ட்லோர்ட் அன்ட் ரெனன்ட் போர்ட், அதுதான் வாடகை வழக்குகளைக் கேட்கிற மாகாண மன்றம், விசாரிக்கும். ஐம்பது வருசமாகப் பத்துகிற ஆளை ஏழு நாளில் நிறுத்தச் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். நீ எத்தனை தைப்பொங்கலுக்கு விட்டாய்?

நான் ஒன்றும் புகைக்காரர் கட்சியில் சேரவில்லை. மேலே ஒரு ஆஸ்துமாப் பிள்ளை இருந்திருந்தால் யோசிக்காமல் கொப்பியைக் கொடுத்திருப்பேன். நோய் இருக்கிறவருக்கு மனித உரிமைச் சட்டமும் துணைக்கு நிற்கிறது. எங்களுக்கும் உரிமை இருக்கிறதாம். நிம்மதியாக இருக்கவிடுவது முதலாளியின் கடமை, முறையிட்டும் அவர் சும்மா இருந்தால் ரி-2 என்ற படிவத்தில் அவருக்கு எதிராகவே நாங்கள் போர்டுக்குப் போகலாம், வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு வருசத்துக்குள் போட வேண்டும். ஆனால் அந்தப் போர்டின் தாமதத்தைப் பற்றி அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற மாகாண ஒம்பட்ஸ்மன் 2023இல் ஒரு முழு அறிக்கையே எழுதியிருக்கிறார். எங்கள் வயதுக்காரர் வழக்குப் போட்டால் தீர்ப்பை மகன்தான் போய் வாங்க வேண்டிவரும்.

அன்று பின்னேரம் எட்டாம் மாடிக்கு இறங்கினேன். இத்தனை வருசத்தில் லிஃப்டில் தலையாட்டினதைத் தவிர வேறு பேச்சில்லை. கதவைத் திறந்தவர் நான் சொல்லத் தொடங்கவே, கீழ்க் கதவிடுக்கில் செருகியிருந்த ஈரத் துவாயைக் காட்டினார். கொரிடோருக்குப் புகை போகக்கூடாது என்று அவரே வைத்தது. மேலே போகும் என்று அவருக்குத் தெரியாது. குசினியில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை, சிறிய ரேடியோ, பழைய மீன் ரின் ஒன்று சாம்பல் போட. அந்தக் கதிரை எங்கள் அலுமாரிக்கு நேர் கீழே. மனைவி இருக்கும்வரை பல்கனியில்தானாம். அவர் போனபிறகு குளிருக்குள் போய் நிற்க மனம் வரவில்லையாம். "கொம்ப்ளெயின் பண்ணிவிட்டீர்களா?" என்று கேட்டார். கொப்பி என் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். சிரித்தார், ஆனால் கை நடுங்கியது.

கதிரையைப் பல்கனி அறைப் பக்கம் நகர்த்தலாமோ என்று கேட்டேன். அன்றைக்கே இரண்டு பேரும் தூக்கி வைத்தோம். என் நெஞ்சுக்கு அது கூடாத வேலை, மனுசிக்குச் சொல்லாதே.

ஒபிசுக்கு வேறு கடிதம் எழுதினேன். கீழ்வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் குழாய் ஓட்டைகள் அடைக்கப்படவில்லை, குளியலறைக் காற்றாடி இழுப்பதில்லை, இது பராமரிப்பு வேலை, முதலாளியின் பொறுப்பு. வாடகைக் கட்டடங்களின் பராமரிப்பைப் பார்க்கிற நகரசபையின் ரென்ட்சேஃப் பிரிவுக்கும் 311 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுவேன் என்று கடைசியில் மெதுவாக ஒரு வரி. பத்து நாளில் கட்டடக்காரரின் ஆள் வந்து நுரை மாதிரி ஊதி ஓட்டைகளை அடைத்துவிட்டுப் போனான். காற்றாடிக்குள் இருந்து எடுத்த தூசு ஒரு பூனைக்குட்டி அளவு. மணம் முழுக்கப் போகவில்லை. காற்றுத் திரும்புகிற நாட்களில் இன்னும் வரும். முன்பு வந்ததில் கால்வாசி இருக்கும்.

கதை இதோடு முடியவில்லை. தை மாதம் எல்லார் வீட்டுக் கதவுக்குக் கீழாலும் ஒரு காகிதம் தள்ளியிருந்தார்கள். இனிமேல் வீட்டுக்குள்ளும் பல்கனியிலும் எரியும் பொருள் எதையும் புகைக்கவோ எரிக்கவோ மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு ஐந்து நாளில் தர வேண்டுமாம். "அப்ப விளக்கு?" என்றாள் மனுசி. மகன் மார்க்கம் நகரத்திலிருந்து வந்து, "அப்பா, நீங்கள் பத்துறதில்லைத்தானே, போட்டுக் குடுங்கோவன், உங்களுக்கு நல்லதுதானே" என்றான். கேட்டுக் கையெழுத்து வாங்குகிற காகிதம் என்றால் மாட்டேன் என்று சொல்லவும் இடமிருக்கிறதுதானே என்றேன். நான் போடவில்லை. கீழ்வீட்டுக்காரரும் போடவில்லை, போட்டே ஆக வேண்டும் என்று நினைத்துப் பேனையோடு என் வாசலுக்கு வந்தவரை நான்தான் மறித்தேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. மனேச்சர் பெண் இப்போது எனக்குக் கதிரை தருவதில்லை, அவ்வளவுதான்.

போன புதன் வியாழன் இரண்டு நாளும் விடியப்புறம் மணமே இல்லை. நல்லது என்று இருக்க முடியவில்லை. இறங்கிப்போய்த் தட்டினேன், ஆளில்லை. மூன்றாம் முறை தட்டியபோது பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, பனிக்கு முன்னம் மகள் வந்து பிரம்ப்டனுக்குக் கூட்டிப்போய்விட்டாள் என்றாள். நேற்றுத் திரும்பி வந்துவிட்டார். ரேடியோ கேட்கிறது.

உன் ஐயாவின் குடிலில் பொச்சு மட்டை போட்டுப் புகையிலைக்குப் புகை ஏற்றுகிற நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் உன் சட்டையில் அந்த மணம் இருக்கும். அதைச் சொல்லி உன்னைப் பகிடி பண்ணினவன் நான். அந்த மனிதருக்கு அந்தக் கதையைச் சொன்னேன். சுருட்டு என்றால் என்ன, எவ்வளவு நீளம் என்றெல்லாம் கேட்டார். தயவு செய்து யாரிடமும் கொடுத்து அனுப்பிவிடாதே.

முழங்காலைப் பார். ஊசி போட்ட டாக்டர் நடக்கச் சொன்னாரா, மண்வெட்டி பிடிக்கச் சொன்னாரா என்று அடுத்த கடிதத்தில் எழுது. பேத்தியின் பூப்புனித நீராட்டுப் படங்களில் உன் மனுசி நிற்கிறது மட்டும்தான் தெரிகிறது, உன்னைக் காணவில்லை. நீ நிற்கிற படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
ராசன்