பாசனதாரர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. சந்தா பாக்கி, மோட்டார் கொட்டகைச் செலவு எல்லாம் பொருளாளர் வாசிக்கும் கணக்கில் வரும். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது மழை எச்சரிக்கைதான். அறிக்கையிலும் அதற்கே கூடுதல் இடம்.

பால் சொசைட்டி வாசலில் கரும்பலகை வைத்து, வானிலை ஆய்வு மையம் நம் மாவட்டத்துக்கு விடும் எச்சரிக்கையை எழுதி வருகிறோம். "ஆரஞ்சுன்னு எழுதினீங்க, தூறல்கூட விழலையே" என்று சிலர் சண்டைக்கே வந்தார்கள். எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து விடப்படுவது. "ஓரிரு இடங்களில்" என்று அறிவிப்பில் இருந்தால் அந்த ஓரிரு இடத்தில் நம் ஊர் இல்லாமலும் போகலாம். நிறமும் மழையின் அளவை மட்டும் வைத்துப் போடுவதல்ல. என்ன பாதிப்பு வரும், வர எவ்வளவு வாய்ப்பு என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்கு.

கனமழை என்று அவர்கள் சொல்வது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல். 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. நம் கணக்கில் சொன்னால், 100 மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் 4 லட்சம் லிட்டர் தண்ணீர், ஒரு மா நிலத்துக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, சுமார் 1.35 லட்சம் லிட்டர். மேடுபள்ளம் இல்லாத நம் டெல்டா பூமியில் அது வடிகால் வழியாகத்தான் போயாக வேண்டும். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தால் அங்கேயும் வாங்காது.

2024 நவம்பர் கடைசியில் பட்டது இதுதான். 2018 நவம்பர் 16-ல் கஜா தென்னையைச் சாய்த்ததிலிருந்து நம் ஆட்களுக்குப் புயல் என்றால் காற்றுதான். "இன்னும் பேரே வைக்கலையே" என்று பலர் அசட்டையாக இருந்தார்கள். ஃபெஞ்சல் என்ற பெயர் வந்தது நவம்பர் 29-ல். மறுநாள் அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முன்பே, வெறும் தாழ்வு மண்டலமாக நகராமல் கிடந்த நாட்களிலேயே, டெல்டாவில் கொட்டி சம்பா பயிரை மூழ்கடித்துவிட்டது. ஆகாயத்தாமரை அடைத்த வடிகாலைச் சுத்தம் செய்யக் கோரி அதற்கு முன்பே மனு கொடுத்திருந்தோம். பதில் இன்றுவரை வரவில்லை. கடைசியில் இளைஞர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அரிவாளால் வெட்டி இழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு நன்றி.

அப்புறம்தான் மேகங்களைப் பற்றி ஒரு வகுப்பு வைத்தோம். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் வந்து பேசினார். ஈரக்காற்று மேலே ஏறும்போது விரிந்து குளிர்கிறது. தூசியிலும் கடல் உப்புத் துகளிலும் நீராவி ஒட்டித் துளியாகிறது. எல்லா மேகத்துக்கும் அடிப்படை இதுதான். எப்படி ஏறுகிறது என்பதில்தான் வித்தியாசம். வெயிலில் காய்ந்த தரையிலிருந்து வேகமாக ஏறினால் திரள் மேகம். அது விடாமல் வளர்ந்து 12 கிலோமீட்டருக்கும் மேலே போய், தலை கொல்லனின் அடைகல்போல் தட்டையானால் இடிமேகம். பரந்த இடத்தில் மெதுவாக ஏறினால் வானம் முழுக்கப் படை மேகம். அது கனத்தால் நாள் முழுக்க நின்று பெய்யும். மிக உயரத்தில் இருக்கும் கீற்று மேகம் பனித்துகள்களால் ஆனது, தரைக்கு மழை தராது.

"அகல் வட்டம் பகல் மழை என்பார்களே, சார்?" என்று மூத்த உறுப்பினர் கேட்டார். நிலாவைச் சுற்றிய வட்டம், கீற்றுப்படை மேகத்தின் பனித்துகள்களில் ஒளி வளைவதால் வருவது. புயல் சின்னத்தின் உச்சியிலிருந்து அப்படிப்பட்ட மேகம் வெகு தூரம் முன்னால் பரவும், அதனால் பேச்சில் உண்மை உண்டு, ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் மழை வராது என்றார். பெரியவர் பாதி சமாதானமானார்.

எனக்குப் பயன்பட்டது இன்னொன்று. சித்திரை, வைகாசியில் இடிமழை பெரும்பாலும் மேற்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் கிளம்பி சாயங்காலம் நம்மிடம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கடலிலிருந்து வரும். நடுநிசியிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் கொட்டும். ஆகவே கோடையில் மதியத்துக்கு மேல் மேற்கு வானத்தையும், அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பையும் பார்க்க வேண்டும். அடைமழைக் காலத்தில் வடிகால் வேலையைப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும், மேலுரத்தையும் தள்ளிப்போட வேண்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நடவு ஆட்களைக் கரையேற்றிக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி வயலில் இறங்கலாம். கூலி பிடிப்போம் என்று யாரும் பேச வேண்டாம்.

வரும் ஆண்டுக்கு மழைமானி ஒன்றும் மைக் செட்டுக்குப் புது பேட்டரியும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். மழைமானி பள்ளிக்கூடத்துத் திடலில் இருக்கட்டும். மரமும் சுவரும் மறைக்காத இடம் அதுதான். காலை 8.30-க்கு அளந்து எழுத இருவர் பெயர் கொடுத்தால் போதும். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்