ஜான் ஹியூஸுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம். ஹாலிவுட் டைரக்டர் ஜான் ஹியூஸ் 2009ல, 59 வயசுல ஹார்ட் அட்டாக்ல நியூயார்க்ல காலமானதைப் பத்தின குறிப்பை நேத்து உங்க பேப்பர்ல பார்த்தேன், மனசு கனத்துப் போச்சு. ஆனா 'ஹோம் அலோன்' படத்தை எழுதினவர்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்களே, அதான் தாங்கல. பதினாறு பதினேழு வயசுப் பசங்க பேசுறதை முழுசா காது கொடுத்துக் கேட்ட மனுஷன் சார் அவர். 1985ல வந்த 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' படத்தையே எடுத்துக்குங்க, சனிக்கிழமை தண்டனைன்னு ஸ்கூல் லைப்ரரில உக்கார வெச்ச அஞ்சு பேர், பெரிய கதைன்னு ஒண்ணும் கிடையாது, தரையில உக்காந்து வீட்டுல நடக்கறதைச் சொல்லி அழுவாங்க. அதுல ஒரு பொண்ணு தான் வரைஞ்ச படத்து மேல தலைப்பொடுகை உதிர்த்து அதையே பனியாக்குவா, எப்படித்தான் யோசிச்சாரோ!

காலேஜ் ஹாஸ்டல்ல நாங்க அதைப் பார்த்த அன்னிக்கு, ஒரு வருஷமா வாயே திறக்காத என் ரூம்மேட் விடிய விடிய அவங்க அப்பாவைப் பத்திப் பேசினான். ஞாயிறு இணைப்புல அவர் எழுதி இயக்கின படங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்க, முக்கியமா ஸ்கூல் வாத்தியாருங்க கண்ணுல படுற மாதிரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்